பூசாத முகம்

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆணியடித்து மாட்டிவிட்டுப் போன படத்தைக் கழற்றிவிட்டேன். ஆணியைப் பிடுங்கவில்லை. படம் என் எதிரில் கட்டில்மேல் கிடக்கிறது. இதை அன்றைக்கே உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். நீயோ பெங்களூர் வண்டியைப் பிடிக்க மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போகும் அவசரத்தில் இருந்தாய். எனக்குக் கோபம் வந்தால் குரல் அடைத்துக்கொள்ளும். மேடையில் ஒரு நாளும் அடைத்ததில்லை, வீட்டில்தான் அடைக்கும். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன் எழுத்து இது. நாடகப் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக் கற்றவன் நான். சில இடங்களில் வசனம் போல இருக்கும். பொறுத்துப் படி. பாதியில் மடித்து வைக்காதே.

நீ கேட்டதை நான் சரியாகத்தான் காதில் வாங்கினேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். "ஒரே ஒரு நாள்தானேப்பா," என்றாய். "மூஞ்சியில லேசா பவுடர் போட்டுக்குங்க. கூலிங் கிளாஸ் நான் வாங்கியாறேன். மேடையில போட்டோ எடுப்பாங்க, பொண்ணு வூட்டுப் பக்கம் பெரிய மனுசங்கள்லாம் வருவாங்க. உங்கள அவங்க இந்தப் படத்துலதான் பாத்துக்கீறாங்க." நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்ப சரிப்பா," என்று என் பதிலையும் நீயே சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நான் சரி சொல்லவில்லை, சேகர். பவுடர் போட மாட்டேன். கறுப்புக் கண்ணாடி போட மாட்டேன். அப்பன் இல்லாத மேடையில் நீ தாலி கட்டவேண்டி வந்தாலும் இந்தப் பேச்சு மாறாது. ஏன் மாறாது என்பதைச் சொல்கிறேன். படித்துவிட்டு, உன் கல்யாண மேடையில் எந்த அப்பன் உட்காரவேண்டும் என்பதை நீ முடிவு செய்.

அந்தப் படத்தை நீ நின்று பார்த்தாயா? ஸ்டுடியோக்காரன் கெட்டிக்காரன். உன் அம்மாவின் பழைய படம் ஒன்றையும், வேலை அடையாள அட்டைக்காக எடுத்த என் படம் ஒன்றையும் சேர்த்து, இரண்டு பேரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டதுபோல் பெரிதாக்கியிருக்கிறான். செத்துப்போனவளை மேடையில் புருஷன் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று நீ நினைத்தது நல்ல நினைப்பு. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் கன்னத்தில் ஓர் அம்மைக் குழிகூட இல்லை. மூக்கு நுனி முழுசாக இருக்கிறது. வெள்ளை விழுந்த இடது கண்ணில் கறுப்பு மணி வைத்து, அதற்குள் ஒரு வெளிச்சப் புள்ளியும் வைத்திருக்கிறான். இருபது வருஷமாக எதையும் பார்க்காத கண், அவன் தயவில் இப்போது என்னையே பார்க்கிறது. உன் அம்மாவுக்கு மாவு அப்பியதுபோல வெளுப்பு ஏற்றி, கன்னத்தில் ரோஸ் தடவியிருக்கிறான். இந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது.

எனக்கு அம்மை போட்டபோது உனக்கு ஐந்து வயசு. வெள்ளைக்காரக் கம்பெனி போய், சுரங்கம் அரசாங்கத்தின் கைக்கு வந்த வருஷம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் நான் கீழே இறங்குகிற ஆள். ஷிப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வந்து குளித்துவிட்டால், எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளின் நாடக சபாவில் ராணி. அந்த வேஷத்தில் என்னை மிஞ்ச மாரிகுப்பத்திலிருந்து மைசூர் மைன்ஸ் வரைக்கும் ஆள் கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வார்கள்? சபாவுக்கு வாத்தியார் பெருமாள். ஆர்மோனியமும் அவன்தான், நாடகம் எழுதுவதும் அவன்தான், எனக்கு அரிதாரம் பூசுவதும் அவன்தான். "உன் கன்னத்துல கை வெச்சா தன்னால வழுக்கிக்கினு போவுதுடா," என்பான். "கடவுளு உன்ன தப்பா ஆம்பளயா செஞ்சிட்டான்."

அந்தக் கன்னத்தின் மேல்தான் வந்தது. உன்னை பங்காருப்பேட்டையில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது, துவைப்பு நின்றது. வாழையிலையில் கிடந்தேன், புரண்டால் தோல் இலையோடு போகும். முத்து நாக்கில் இறங்கியது, தொண்டையில் இறங்கியது, கடைசியில் கண்ணுக்குள் இறங்கியது. எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளிலிருந்து பிணம் போனது. அழுதால் ஆத்தாவுக்குக் கோபம் வரும் என்று வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதார்கள். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாரம் தூக்குவதுபோல இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நான் என் முறைக்குக் காத்திருந்தேன்.

அப்படி ஒரு மத்தியானம் உன் அம்மா தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று அப்போது சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகு சொன்னாள். "அது ஆத்தா தொட்ட மூஞ்சி. இனிமே அதுமேல மாவு, மை, அரிதாரம் எதுவும் பூச வுடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

கையில் இருந்த கஞ்சிக் குவளையைச் சுவரில் எறிந்தேன். "முடி குடுக்கறேன்னு சொல்றதுதானே. ஆடு வெட்டறேன்னு சொல்றதுதானே. என் மூஞ்சிய யாரக் கேட்டுக் குடுத்த?" என்றேன். அவள் குவளையைப் பொறுக்கி எடுத்தாள். சுவரைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்க மயிரக் குடுத்தா ஆத்தாவுக்கு இன்னா லாபம்? எது போனா உங்களுக்கு உசுரு போவுமோ அத்தத்தானே குடுக்கணும். சும்மா குடுப்பாளா உசுர?" அப்போதும் நான் விடவில்லை. "நான் பொம்பள வேஷம் கட்டறது உனக்குப் புடிக்கல. அத்த நிறுத்த இது ஒரு சாக்கு," என்றேன். அவள் துணியைப் பிழிந்தாள். "அதுவும் கொஞ்சம் கீது," என்றாள்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கூட வாழ்கிறவள் ஒரு நாள் உன்னைக் கேட்காமல், உன்னிடம் இருக்கிற ஒன்றை எடுத்து எங்கேயாவது கொடுத்துவிடுவாள். உன்னைக் காப்பாற்றத்தான் கொடுப்பாள். அதை நீ மன்னிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான் மன்னிக்கவில்லை. அவள் போகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கொடுத்ததை அவள் முதுகுக்குப் பின்னால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வராதே. அவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை மேல் நான் இருபது வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு சாமி பக்தி குறைவு என்பது உனக்குத் தெரியும். சாமி கேட்டதோ இல்லையோ, அவள் சொன்னாள். அது போதும்.

அத்தை உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்த அன்று நான் வீட்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளே ஓடி வந்து, என்னைப் பார்த்து, உன் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாய். நான் உனக்கு எதிரிலேயே இருந்தேன். இதை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை, இப்போதும் குத்திக்காட்டுவதற்குச் சொல்லவில்லை. ஐந்து வயசுப் பிள்ளை அப்படிக் கேட்பது தப்பில்லை. இருபத்தைந்து வயசில் கேட்டால்தான் தப்பு.

ஒரு கண் போனவனைக் கீழே இறக்கமாட்டோம் என்று சொல்லி, மேலே லேம்ப் ரூமில் வேலை கொடுத்தார்கள். இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுப்பது, ஏறி வந்தவர்களிடம் வாங்கித் துடைத்து வைப்பது. கூட வேலை செய்த ஆட்கள் விளக்கை வாங்கும்போது என் கையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். நல்லவர்கள்தான். எல்லோருக்கும் ஒரே எண்ணம்: பிழைத்தாயே, அது போதாதா? உயிர் தப்பியவன் அதற்குமேல் எதையும் கேட்கக்கூடாது, ஒரு மூலையில் நன்றியோடு உட்கார்ந்திருக்கவேண்டும் என்று அவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். நான் மூலையில் உட்காருகிற ஆள் இல்லை.

சில மாதம் கழித்து பெருமாள் வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தான். "உனுக்கு ஒரு வேஷம் எழுதிக்கீறேன். அசுரன். நல்ல வேஷம்."

"அரிதாரம் பூசக்கூடாது எனக்கு."

"அசுரன் கட்ட உனுக்கு இன்னாத்துக்குடா அரிதாரம்?" என்றவன், சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ராணிதான் கட்டுவேன்," என்றேன்.

"எப்பிடி? பூசக்கூடாதுன்னு வூட்ல சொல்லிக்கீறாங்களே."

"பூசாம கட்டுவேன்."

"டேய், அவ ராணிடா. குழி தெரியும். மீச எடுத்த எடம் பச்சையா தெரியும். அந்தக் கண்ணு வேற..."

"தெரியட்டும்."

பீடியை முடித்துப் படியில் நசுக்கினான். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "ஜனங்க கல்லால அடிச்சா ஆர்மோனியத்துக்கு நீதான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டுப் போனான். சரி என்று அவன் சொன்னதற்கு அதுதான் அர்த்தம்.

அது அவன் எழுதிய நாடகம். ராஜா போருக்குப் போய்விடுகிறான், ராணி தனியாக நாட்டை ஆள்கிறாள். அட்டைக் கிரீடம், சவுரி முடி, ஜரிகைப் புடவை எல்லாம் பழையபடிதான். முகம் மட்டும் வெறும் முகம். நான் திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். பின்னால் நின்றவர்களில் எவனோ, "டேய், ராணிக்கு அம்ம போட்டுக்கீதுடா," என்றான். சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் வந்தது. பெருமாள் ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் பேசவேண்டிய வசனம் எதிரி நாட்டுத் தூதனைப் பற்றியது. அதை விட்டுவிட்டேன். சிரிப்பு வந்த பக்கமாகத் திரும்பி, ராணியின் குரலில் சொன்னேன்: "ஆம், எனக்கு அம்மை கண்டது. மன்னர் இல்லாத நேரம் பார்த்து இந்த நாட்டுக்குள் அது வந்தது. உன் குடிசைக்கு வந்தது. அரண்மனைக் கதவு மட்டும் அதற்குத் திறக்காதா?"

முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் சிரிப்பு நின்றது. அவர்களில் எத்தனை பேருக்கு என் முகம் இருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். அம்மைக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்களும் அதே பாயில் இருந்தார்கள். பின்வரிசையில் ஒருவன் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஒரு அம்மாள் திரும்பி, "மூடுடா வாய, ராணி பேசறாங்க," என்றாள். அந்த வசனத்தைப் பெருமாள் மறுநாளே பாடத்தில் சேர்த்துக்கொண்டான். தான் எழுதியது என்று இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இங்கே கதையை முடித்தால் உனக்கும் நன்றாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அன்றைக்கு நான் நன்றாக நடிக்கவில்லை. ஒரு வசனம் காப்பாற்றியது, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் என் முகம் செத்துக் கிடந்தது. அரிதாரம் பூசிய முகத்தில் புருவத்தை லேசாக அசைத்தால் கடைசி வரிசைக்குத் தெரியும். இந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலைக்குமேல் பெட்ரோமாக்ஸ், அதன் நேர் வெளிச்சத்தில் அழுதாலும் ஒரே சாம்பல், சிரித்தாலும் ஒரே சாம்பல். இரக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரக்கத்தை வைத்துக்கொண்டு நாடகம் போட முடியாது.

வழி எனக்கு சபாவில் கிடைக்கவில்லை, சுரங்கத்திலிருந்து கிடைத்தது. கீழே வேலை செய்தவனுக்குத் தெரியும். தலைக்குமேல் இருக்கிற பாறை நல்லதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க விளக்கை நேராகப் பிடிக்கமாட்டோம். நேர் வெளிச்சத்தில் எல்லாப் பாறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழல் விடும், விரிசல் கோடு எழுந்து நிற்கும். ஒரு நாள் லேம்ப் ரூமில் விளக்கைத் துடைத்துக்கொண்டு இருக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் என் முகத்தின் மேல் அந்த மாதிரி வெளிச்சம் விழுந்தது. குழியெல்லாம் எழுந்து நின்றது. தலையைத் திருப்பினேன். நிழல் கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஓடியது. நான் முகத்தை அசைக்கவே இல்லை, கழுத்தைத்தான் திருப்பினேன். முகம் தானாக மாறியது.

அதற்குப் பிறகு சமையல்கட்டில் நான் செய்துகொண்டிருந்ததை நீ பார்த்திருக்கிறாய். என்னவென்று கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எதிரில் கண்ணாடி. பக்கத்தில் விளக்கு. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது உன் அம்மா.

"இன்னும் கீழ."

"கை வலிக்குது."

"வலிக்கட்டும். வேண்டிக்கினது யாரு?"

"இத்தச் சொல்லிச் சொல்லியே என்ன சாவடிங்க," என்பாள். ஆனால் விளக்கைக் கீழே வைக்கமாட்டாள். நான் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன். அவள் பார்த்துக்கொண்டே சொல்வாள்: "இப்ப பயமா கீது... இப்ப பாவமா கீது... ஐயே, இப்ப உங்க அம்மா மாதிரி கீது, திருப்புங்க." ராணிக்கு எங்கே கோபம், எங்கே துக்கம், எங்கே ராஜாவின் சாவுச் செய்தியைக் கேட்டும் சபை முன்னால் அழாமல் நிற்கிற இடம் என்பதையெல்லாம் நானும் அவளும் அந்த அடுப்பங்கரையில்தான் கண்டுபிடித்தோம். என் முகத்தை எடுத்துச் சாமிக்குக் கொடுத்துவிட்டு வந்தவளும் அவள்தான். அது என்ன செய்யும் என்று எனக்குக் காட்டியவளும் அவள்தான். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ.

அடுத்த தடவை பெட்ரோமாக்ஸை மேலே மாட்ட விடவில்லை. மண்ணெண்ணெய்ப் பீப்பாயின் மேல், நெஞ்சு உயரத்தில், மேடைக்குப் பக்கவாட்டில் வைக்கச் சொன்னேன். சண்டை நடந்தது. மற்ற வேஷக்காரர்களின் முகத்தில் பாதி இருட்டாகிறது என்றார்கள். ஆகட்டும் என்றேன். சாவுச் செய்தி வரும் கட்டத்தில் நான் வசனம் பேசவில்லை. தூதன் சொல்லி முடித்ததும் விளக்குப் பக்கம் மெதுவாகத் திரும்பினேன், அவ்வளவுதான். சுரங்க ஷாப்டில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் வாயில் துணியை அடைத்துக்கொள்ளவில்லை. அம்மைக் காலத்தில் அழாமல் வைத்திருந்ததையும் சேர்த்து அழுதார்கள். அரிதாரம் பூசிய காலத்தில் எனக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது. இது கிடைத்ததில்லை. அதற்கப்புறம் பல வருஷம் அந்த வேஷத்தை நான்தான் கட்டினேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் தெரியாமல் இரண்டு தடவை மேடையிலிருந்து கீழே விழுந்திருக்கிறேன். எழுந்து வந்து விட்ட இடத்திலிருந்து பேசினேன்.

நீ ஹைஸ்கூலுக்குப் போன பிறகு என் வேஷத்தை வைத்து உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "அதான் பொழச்சிட்டீங்கல்லப்பா, நாடகம் வாணாம், சும்மா வூட்ல இருங்களேன்," என்றாய். நான் இருக்கவில்லை. அதன் பிறகு நீ ஒரு நாடகத்துக்கும் வரவில்லை. பிள்ளைக்கு அவமானம் என்றால் அப்பன் நிறுத்தியிருக்கவேண்டும் என்று உன் தாய்மாமா இன்றைக்கும் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நீ பட்டது கஷ்டம்தான். ஆனால் நான் நிறுத்தியிருந்தால், அந்தப் பெயரை வைத்தவர்கள் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். உன்மேல் எனக்கு இருக்கிற வருத்தம் அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் இருக்கிறது. வயசான காலத்தில் அதை மறைத்துவைத்து நல்ல அப்பன் வேஷம் கட்ட எனக்கு இஷ்டமில்லை.

உன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவையும் ஒரு பவுடர் டப்பாவும் வாங்கி வந்தாய். புடவையை அன்றே கட்டிக்கொண்டாள். டப்பாவை அலமாரியில் வைத்தாள். அடுத்த தடவை வந்தபோது அது திறக்காமல் இருப்பதைப் பார்த்து உன் முகம் சுருங்கிப்போனது. "இந்த வாசன அம்மாவுக்குப் புடிக்கல போல," என்றாய். அவள் உனக்குத் தட்டு வைத்தாள். டப்பாவைத் திறக்காததற்குக் காரணம் இதுதான்: வேண்டிக்கொண்ட நாளிலிருந்து அவளும் முகத்தில் பவுடர் வைக்கவில்லை. சாமியிடம் அவள் அப்படிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தானாக விட்டாள். அந்த டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது, மூடி பிரிக்காமல். உன் ஸ்டுடியோக்காரன் அவளுக்கு ரோஸ் தடவிக் கொடுத்திருக்கிறான்.

இதையெல்லாம் உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கவேண்டும் என்பாய். அது எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்த வழக்கு. பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிட எங்களுக்கு மனசில்லை.

அவள் போன பிறகு, அந்த வருஷத் திருவிழா நாடகத்துக்கு முன்னால் பெருமாள் அரிதாரப் பெட்டியை என் முன்னால் திறந்து வைத்தான். அவனுக்கும் கிழத்தனம் வந்துவிட்டது. "வேண்டிக்கினவங்க போயிட்டாங்க. வேண்டுதலும் அவங்களோட போச்சு. ஒரு தரம் பூசிக்கோடா. நானும் பாத்துட்டுப் போறேன்," என்றான். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மாவின் வாசனை, எண்ணெயின் வாசனை. ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். விரலை வைத்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினேன். அவள் இருக்கும்போது அது அவள் வாக்கு. இப்போது அது என்னுடையது. அந்த வருஷம் ராணியை வெறும் முகத்தோடு கட்டினேன். அடுப்பங்கரையில் விளக்கைப் பிடிக்க யாரும் இல்லை. அதுதான் கடைசி, முழங்கால் மேடை ஏற விடுவதில்லை.

பெருமாள் திறந்து வைத்தபோது மூடியதை, நீ ஒரே நாள் என்று சொல்லித் திறக்கப் பார்க்கிறாய்.

மேலே எழுதியதற்கும் இனி எழுதுவதற்கும் நடுவில் சில நாள் போய்விட்டது. அந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்தேன். ஈரத்துணியால் உன் அம்மாவின் கன்னத்து ரோஸை ஒற்றி ஒற்றி எடுத்தேன். வெளுப்பு முழுசாகப் போகவில்லை, ஆனால் சாடை வந்துவிட்டது. பிறகு என் முகம். கண்ணாடியை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டேன். கோணி ஊசியின் முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கினேன்; கூராக இருந்தால் காகிதம் கிழியும். ஒரு கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, மறு கையால் படத்தில் அழுத்தினேன். ஒவ்வொரு குழியாக. தாடைப் பக்கம் நெருக்கம், நெற்றியில் கலைவு, மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு சேர்ந்து ஒன்றானது. இடது கண்ணை பிளேடால் சுரண்டினேன். கறுப்பு மணி போய், அடியிலிருந்த காகிதம் வெள்ளையாக வந்தது. என் கண்ணும் அப்படித்தான் இருக்கிறது. மேடை விட்ட பிறகு நான் செய்த வேலைகளில் உருப்படியானது இது ஒன்றுதான். திரும்பச் சட்டம் போட்டுவிட்டேன். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டேன், அது பளபளத்து எல்லாவற்றையும் மறைக்கிறது.

பெருமாள் பெங்களூர் வருகிறான். படத்தையும் இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பெண் வீட்டில் ஒரு பிரதி கொடுத்திருப்பதாகச் சொன்னாய். அதை நீயே போய்க் கேட்டு வாங்கு. இதை அவர்கள் கையில் கொடு. பெருமாளை அனுப்பாதே, உன் மாமாவை அனுப்பாதே, நீ போ. என் அப்பா இவர், அது வேறு யாரோ என்று உன் வாயால் சொல். அவர்கள் பார்த்துவிட்டு முகம் சுளித்தால், மேடையில் உன் மாமா உட்காரட்டும். நான் இங்கேயே லைனில் இருந்து உன்னையும் அந்தப் பெண்ணையும் வாழ்த்துவேன், அதில் குறை வைக்கமாட்டேன். படத்தைச் சுவரில் மாட்டச் சம்மதித்தார்கள் என்றால் பெருமாளிடம் சொல்லி அனுப்பு. வேட்டியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். முதல் வண்டிக்கு வருவேன்.

அவர்கள் வீட்டில் நீயே மாட்டு, வாசலுக்கு நேராக மாட்டாதே. நேர் வெளிச்சத்தில் குழி தெரியாது, ஸ்டுடியோக்காரன் செய்த ஆள்தான் மறுபடியும் தெரிவான். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டு. வெளிச்சம் சாய்ந்து விழட்டும். கொஞ்சம் தள்ளி நின்று பார். அப்பா எங்கே என்று நீ யாரையும் கேட்கவேண்டி இருக்காது.